விற்றவனும் குற்றவாளி

அந்த ஊரில் பாதி வீடுகளின் படுக்கையறை வரைக்கும் போய் வந்தவன் அவன். தப்பாக நினைக்க வேண்டாம். கடைத்தெருவில் இருந்த பெரிய மரச்சாமான் கடையில் அவனுக்குச் சுமை தூக்கும் வேலை. கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை என்று எதை யார் வாங்கினாலும் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறவன் அவன்தான். இரும்பு பீரோவை நாலு பேர் பிடித்து, திட்டிக்கொண்டு, சுவரில் இடித்துக்கொண்டு ஏற்றுகிற படிக்கட்டில் அவன் ஒற்றை ஆளாக முதுகில் பட்டை போட்டுக் கட்டிச் சுமந்து ஏறிவிடுவான். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அப்படித்தான் அவனுக்கு பீரோ என்ற பெயர் வந்தது. முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவன் பீரோதான். பெற்றவர்கள் வைத்த பெயரை அவன் மனைவிகூடக் கோபம் வந்தால்தான் சொல்லுவாள்.

மனைவி ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள். இரண்டு பெண்பிள்ளைகள். வாடகை வீடு. குறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பீரோவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சொந்தமாக ஒரு சின்ன லாரி வாங்க வேண்டும். அடுத்தவன் வண்டியில் ஏற்றி அடுத்தவன் வீட்டில் இறக்குகிற பிழைப்பு போதும் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இந்த ஆசை அவன் சகலைக்குத் தெரியும். மனைவியின் தங்கையைக் கட்டியவன். பெரிய தனியார் மருத்துவமனையில், நோயாளிகளுக்கு வழிகாட்டும் மேசையில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயெல்லாம் பல். சாவு வீட்டில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான். பிள்ளைகளுக்குச் சித்தப்பா என்றால் உயிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சகலை பேச்சை எடுத்தான்.

"லாரி லாரின்னு எத்தன நாள் சொல்லிட்டே இருப்பீங்க சகலை? லாரி உங்க உடம்புக்குள்ளயே இருக்கு."

"என்னப்பா சொல்ற?"

"கிட்னி ரெண்டு இருக்குல்ல? ஒண்ணு உழைக்குது. இன்னொண்ணு சும்மா உக்காந்து சாப்பிடுது. எங்க ஆஸ்பத்திரியில ஒரு நல்ல மனுஷன், அச்சகம் வச்சிருக்காரு, ஒண்ணு கெடைச்சா பொழைச்சிக்குவாரு. உங்க உடம்பு இருக்கற இருப்புக்கு ஆறு மாசத்துல பழையபடி பீரோ தூக்கலாம்."

"அது சட்டப்படி தப்புன்னு சொல்வாங்களே?"

சகலை ஈரக் கையை உதறிக்கொண்டே சிரித்தான். "விக்கறதுதான் தப்பு. சொந்தக்காரனுக்குப் பாசத்துல குடுக்கறது தப்பில்லையே? சொந்தத்த நான் ஏற்பாடு பண்றேன்."

ஏற்பாடு பண்ணினான். அச்சகக்காரர் பீரோவுக்குப் பெரியம்மா மகன் ஆனார். இருவரும் ஒன்றாக விளையாடிய தெரு, ஒரே சைக்கிளில் போய் விழுந்து முட்டி பெயர்ந்தது, சண்டை போட்டுப் பேசாமல் இருந்தது என்று இல்லாத ஒரு சிறுவயதையே சகலை கட்டி எழுப்பிக் கொடுத்தான். பீரோ அதை ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தான். உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற குழுவின் முன்னால் உட்கார்ந்து, "எங்கண்ணன் இல்லாம நான் என்ன பண்ணுவேன்?" என்று சொன்னபோது அவனுக்கே கண் கலங்கிவிட்டது. குழுவில் இருந்த அம்மாள் ஒருத்தி அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. விலா ஓரத்தில் நீளமாக ஒரு தழும்பு. பேசிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்தது. மீதியைக் கேட்டபோதெல்லாம் சகலை ஒவ்வொரு கதை சொன்னான். டாக்டருக்குப் போச்சு, குழுவுக்குப் போச்சு, அச்சகக்காரர் இழுத்தடிக்கிறார், அடுத்த மாதம் பார்க்கலாம். லாரிக்கு முன்பணம் கட்டியிருந்த பீரோ மீதியைக் கட்ட முடியாமல் அதையும் இழந்தான்.

அது போகட்டும் என்றால் உடம்பும் போயிற்று. ஆறு மாதம் கழித்து முதன்முதலாக ஒரு அலமாரியை முதுகில் ஏற்றினான். முதல் மாடித் திருப்பத்தில் விலாவுக்குள் யாரோ கத்தியைத் திருகுவது போல இருந்தது. பட்டை நழுவியது. அலமாரி படிகளில் உருண்டு கீழே போய்ச் சுவரைப் பெயர்த்தது. கீழே ஆள் இல்லாதது ஏதோ நல்ல காலம். அன்றோடு முதலாளி அவனைச் சுமையிலிருந்து எடுத்துக் கடைக்குள் போட்டார். சோபாக்களின் மேல் தூசி தட்டுகிற வேலை. சம்பளம் பாதி. கூட வேலை பார்த்த பயல்கள் அவனுக்குப் பெயரை மாற்றி வைத்தார்கள்: காலி பீரோ. எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுக் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

போலீஸ் நிலையத்துக்குப் போனான். அங்கே எழுத்தர் ஒருவர், நல்ல மனிதர், முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"தாராளமா எழுதறேன். ஆனா ஒண்ணு. வித்தவனும் குற்றவாளிதான். குழு முன்னாடி பொய் வேற சொல்லியிருக்க. நீ வெளிய நிக்கறதும் உள்ள போறதும் நீ குடுக்கற புகார்லதான் இருக்கு. வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வா."

பீரோ மறுபடி அங்கே போகவில்லை. ஆனால் ஒரு தடவை போனதே சகலையின் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. மறுநாளே கடைக்கு வந்தான். புது சோபா ஒன்றில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஸ்டேஷன் பக்கம் போனீங்களாமே சகலை?" என்றான். "நாம ரெண்டு பேரும் ஒரே கயித்துல கட்டின ஆளுங்க. நீங்க குதிச்சா நானும் வரணும், நான் குதிச்சா நீங்களும் வரணும். ஆனா நான் குதிக்க மாட்டேன். எனக்கு ஒரு பிள்ள இருக்கு. உங்களுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு, நீங்களும் குதிக்க மாட்டீங்க." எழுந்து போகும்போது சோபாவைத் தட்டிக் காட்டினான். "இங்க தூசி இருக்கு பாருங்க."

பீரோவுக்கு வஞ்சம் பிறந்தது அந்தக் கணத்தில்தான். அதுவரைக்கும் இருந்தது வருத்தம்.

முதலில் அடித்துவிடலாம் என்றுதான் போனான். சகலை புதிதாக மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருந்தான். இரண்டாவது மாடி போவதற்குள் பீரோவுக்கு மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். எந்தப் படியிலும் உட்காராதவன். சத்தம் கேட்டு இறங்கி வந்த கொழுந்தியாள், "என்ன மாமா, முகமெல்லாம் வேர்த்திருக்கு?" என்று பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த சகலை, "வயசாயிடுச்சா சகலை?" என்றான். கையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு பீரோ இறங்கி வந்தான். அடிக்க வந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த அவமானம் அவனை விலாத் தழும்பைவிட அதிகமாக உறுத்தியது.

அதற்குப் பிறகு அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. தூசி தட்டும்போது ஒவ்வொரு அடியும் சகலையின் முதுகில் விழுந்தது. மெத்தையை அழுத்திப் பார்க்கும்போது அது சகலையின் கழுத்தாக இருந்தது. சாப்பிடும்போது பேச மாட்டான். பிள்ளைகள் சித்தப்பாவைப் பற்றி ஏதாவது சொன்னால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவான். "யார் மேல கோவமோ அவங்கள விட்டுட்டு சோத்து மேல ஏன் காட்டறீங்க?" என்று மனைவி கேட்பாள். தங்கை வாழ்க்கை ஒரு பக்கம், புருஷன் உடம்பு ஒரு பக்கம் என்று அவள் நடுவில் கிடந்து நசுங்கினாள். அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவன் இறங்கி வரவில்லை.

இந்த நேரத்தில்தான் அச்சகக்காரர் கட்டில் வாங்கக் கடைக்கு வந்தார். பீரோவைக் கண்டதும் எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தார்.

"தம்பி! நான் நடமாடறதே உன்னாலதான்!"

முகத்தில் நல்ல களை. பேச்சோடு பேச்சாக அவர் கொடுத்த தொகையைச் சொன்னபோது பீரோவின் கையிலிருந்து தூசி தட்டும் துணி நழுவியது. அது சகலை பேசிய தொகையைப் போல நாலு மடங்கு. அச்சு இயந்திரத்தையே விற்றுக் கொடுத்திருந்தார் மனிதர்.

"முழுசும் உனக்கு வந்திருக்கும்னு நெனைச்சேன்ப்பா," என்றார். "இதுக்குத்தான் சொல்றோம். வாங்கறதும் விக்கறதும் சட்டப்படி நடந்தா, அரசாங்கமே நடுவுல நின்னு குடுக்கும். உன்ன எவனும் ஏமாத்த முடியாது. என்னைய மாதிரி ஆளுங்க வரிசையில நின்னே சாக வேண்டியதில்ல."

அவரும் அவரைப் போலப் பிழைத்தவர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். உறுப்பு விற்பனையைச் சட்டபூர்வமாக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்க அரசாங்கம் ஒரு குழுவை நியமித்திருந்தது. அந்தக் கூட்டத்தில் கொடுத்தவன் ஒருவன் வந்து பேசினால் எடுபடும் என்றார்.

பீரோ ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "சட்டம் வந்தா எங்க சகலை மாதிரி ஆளுங்க தொழில் என்ன ஆகும்?"

"அன்னிக்கே படுத்துடும்."

"அப்போ வரேன்."

அச்சகக்காரர் வீட்டு வரவேற்பறையில் ஒத்திகை நடந்தது. என்ன பேச வேண்டும் என்பதை அவர் மனைவி சொல்லிக் கொடுத்தாள். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே தழும்பைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது வரைக்கும். தன் நோயைப் பற்றி அவர் நிறையப் பேசினார். ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்த காலத்தை நினைத்தால் அவருக்கு இன்னமும் உடம்பு நடுங்கியது. பொய்யில்லை. பீரோவுக்கே பாவமாக இருந்தது. ஆனால் எழுந்து வரும்போதெல்லாம் அவனுக்கு ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த மாலையில், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"போன தடவையும் இப்படித்தான் மனப்பாடம் பண்ணீங்க."

பீரோ கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். சட்டம் வந்தால் சகலையின் தொழில் படுத்துவிடுமா? எங்கே படுக்கும்? இப்போது மேசைக்கு அடியில் செய்கிறதை போர்டு மாட்டிக் கடை திறந்து செய்வான். கழுத்தில் இன்னும் நீளமான அட்டை தொங்கும். "எல்லாம் சட்டப்படிதான் சகலை" என்று பல்லைக் காட்டுவான். நேற்று அவன் செய்தது எல்லாம் செய்யாததாக ஆகிவிடும். வரப்போகிற சட்டம் அவனைத் தொடாது. தொடக்கூடியது இருக்கிற சட்டம் ஒன்றுதான். அந்தச் சட்டம் தன்னையும் தொடும். தொடட்டுமே என்று முதன்முறையாகத் தோன்றியது. தோன்றியதும் விலாவில் இருந்த வலிகூடச் சற்று விலகி நின்றதுபோல் இருந்தது.

மனைவியிடம் அவன் உண்மையைச் சொல்லவில்லை. "கூட்டத்துல யார் பேரையும் இழுக்க மாட்டேன். பொதுவாத்தான் பேசப் போறேன். உன் தங்கச்சி வீட்டுலயும் சொல்லி வை, பயப்பட வேணாம்" என்றான். அவள் காதில் போட்டால் தங்கை காதுக்குப் போகும், அங்கிருந்து சகலை காதுக்குப் போகும், அவனால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது, வந்து பார்த்தே தீருவான் என்று கணக்குப் போட்டான். கணக்கு தப்பவில்லை. கூட்டம் நடந்த அரங்கில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கைகட்டி உட்கார்ந்திருந்தான் சகலை. பீரோவைப் பார்த்துத் தலையை ஆட்டி ஒரு சிரிப்பும் சிரித்தான்.

மேடையில் குழுத் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள். பக்கத்தில் அதிகாரிகள். முதலில் ஒரு டாக்டர் பேசினார். சிறுநீரகத்துக்குக் காத்திருந்து செத்தவர்களின் கதைகளைச் சொன்னார், பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு கூலித் தொழிலாளர் சங்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "சட்டம் போட்டா வரிசையில நிக்கறது யாருன்னு சொல்லுங்க. உங்க பிள்ளைங்க நிக்குமா?" என்று கேட்டாள். அரங்கம் இரண்டு பட்டது. அச்சகக்காரர் பீரோவின் தோளைத் தட்டி, "நீ போ தம்பி" என்றார்.

பீரோ ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"சட்டம் வேணுமா வேணாமான்னு எனக்குத் தெரியலங்கம்மா. ரெண்டு பேரு பேசினதும் சரியாத்தான் படுது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நான் என் கிட்னிய வித்தேன். தானம் இல்ல, வித்தேன். இதே மாதிரி ஒரு குழு முன்னாடி உக்காந்து பொய் சொன்னேன். சொல்லிக் குடுத்தவன் என் சகலை. அதோ கதவு பக்கத்துல உக்காந்திருக்கான். வாங்கினவரு இதோ முன்னாடி இருக்காரு. எங்க மூணு பேரையும் புடிங்க."

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்றது குற்ற ஒப்புதல். உங்களையும் கைது பண்ணுவாங்க. புரிஞ்சுதான் பேசறீங்களா?"

"புரிஞ்சுதாம்மா. அதுக்காகத்தான் குளிச்சு நல்ல சட்டை போட்டுட்டு வந்தேன்."

சகலை எழுந்துவிட்டான். "பொய்! எங்க குடும்பச் சண்டைய இங்க கொண்டாந்து கொட்டறாரு! அது முறைப்படி நடந்த தானம்!" என்று கத்தினான். அச்சகக்காரரும் தடுமாறி எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஆமாம்மா... இவன் என் சித்தி மகன்தான். பாசத்துலதான் குடுத்தான். ஏதோ மனசு சரியில்ல, அதான்..."

பீரோ அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்த வீட்டிலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் என்ன குறைந்தது என்பது அவனுக்கு அப்போது பிடிபட்டது.

"அம்மா, இவரு என் அண்ணன்தான்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க. தம்பிக்கு எத்தன பிள்ளைங்க?"

அச்சகக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. பீரோவின் சிறுநீரகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடுகிற மனிதர், அவனைத் தம்பி தம்பி என்று கூப்பிட்ட மனிதர், அவனுக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நின்றபடியே அவர் அழ ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார். "இவரு எனக்கு யாரும் இல்ல."

அதற்குள் சகலை நழுவப் பார்த்தான். வாசலில் நின்ற போலீஸ்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

விசாரணை முடிந்து மூவரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடானது. உடல்நிலையைச் சொல்லி அச்சகக்காரரைக் காரில் அனுப்பினார்கள். பீரோவும் சகலையும் கம்பி போட்ட வேனில் எதிரெதிரே உட்கார்ந்து போனார்கள். சகலையின் கழுத்தில் அட்டை இல்லை. வெகு நேரம் குனிந்தே இருந்தவன் கடைசியில் நிமிர்ந்தான்.

"எல்லாத்தையும் கெடுத்தீங்களே. உங்களுக்கு என்ன கெடைச்சுது?"

"நீ கெடைச்ச," என்றான் பீரோ.

அந்தப் பயணம் முழுவதும் அவன் சகலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனான். வேன் குலுங்கியதில் விலா வலித்தது. சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் வலி குறைந்திருக்கும். அவன் திரும்பவில்லை.

சகலைக்குப் பல வருடத் தண்டனை விழுந்தது. அவன் வாய் திறந்ததில் மருத்துவமனையில் இன்னும் சிலர் மாட்டினார்கள். தானே முன்வந்து சொன்னவன் என்பதால் பீரோவுக்குச் சில மாதங்களோடு போயிற்று. அச்சகக்காரர் அபராதத்தோடு தப்பித்தார், ஆனால் வெளியே தலைகாட்டுவதை விட்டுவிட்டார். நீதிமன்ற வராந்தாவில் அவர் மனைவி பீரோவை வழிமறித்தாள். "அவரு உசுரோட இருக்கறது உன்னால. தலை குனிஞ்சு உக்காந்திருக்கறதும் உன்னால. உன்ன என்ன சொல்லித் திட்டறதுன்னே எனக்குத் தெரியல," என்றாள். அவர் விஷயத்தில் மட்டும் அவன் மனது இப்படியும் அப்படியும் ஆடியது. ஆனாலும் தப்பு செய்துவிட்டோம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

கொழுந்தியாள் மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு பிள்ளையோடு அக்காவிடமே வந்துவிட்டாள். வேறு எங்கே போவாள்? பீரோ சிறையிலிருந்து வந்தபோது கதவைத் திறந்தவள் அவள்தான். மாமா என்று கூப்பிடவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். மனைவி அவனுக்குச் சாப்பாடு போட்டாள். பக்கத்தில் உட்காரவில்லை.

"அவன் மாட்டினது எனக்கு வருத்தமில்ல," என்றாள். "என் வாயாலயே என் தங்கச்சி புருஷன வரவழைச்சீங்களே, அதத்தான் என்னால முழுங்க முடியல. என்கிட்ட சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேன்."

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவளைப் பார்த்தான். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கருத்துக் கேட்ட குழுவின் அறிக்கை ஒருவழியாக வந்தது. ஆம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், இன்னும் ஆராய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி பீரோவை மறுபடி கடையில் சேர்த்துக்கொண்டார். காலி பீரோ என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கொஞ்சம் பயந்த மாதிரிதான் பேசுகிறார்கள்.

சகலை மேல்முறையீடு செய்திருக்கிறான். வழக்கு விசாரணைக்கு வரும் நாட்களில் பீரோ கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, முதல் பேருந்தைப் பிடித்துப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறான். அவனை யாரும் கூப்பிடுவதில்லை, எதுவும் கேட்பதில்லை. சகலையை உள்ளே அழைத்து வரும்போது முதலில் கண்ணில் படுகிறவன் தானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். போன தடவை சகலை ரொம்பவும் இளைத்திருந்தான். பீரோ அதை வீட்டில் வந்து சொன்னபோது, கொழுந்தியாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவி மட்டும் கேட்டாள்.

"அடுத்த வாய்தா எப்போ?"

அவன் தேதியைச் சொன்னான்.

"அன்னிக்கு எனக்கும் லீவுதான்," என்றாள்.